இடம்புரிக் கயிறு

உருளைக்கிழங்கு உரிப்பதை ஹசிந்தா யாரிடமும் விடுவதில்லை. தொமாசாவிடம் கொடுத்தால் தோலோடு பாதிக் கிழங்கும் போய்விடும். மகள் லுஸ்மிலாவிடம் கொடுத்தால் விரலை அறுத்துக்கொண்டு நிற்பாள். ஆகவே ஜூலையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கினால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரம் சாய்த்த சமையல் கொட்டகையில் ஆட்டுத்தோலை விரித்து உட்கார்ந்து, மூட்டைக் கிழங்கு முழுவதையும் அவள் ஒருத்தியே உரித்துத் தள்ளுவாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் புதிய வகுப்பறையின் சுவர் நேராகத் தெரியும். கிழங்கை விட்டுக்கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகள் வரிசையாக நின்று மண்கல்லைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் மூக்கு உரிந்த பையன்கள், தொப்பிக்கு மேல் தொப்பி போட்ட பெண்கள். ஏதோ பாட்டு வேறு. ஒரு வாரம் சுவர் எழுப்புவார்கள். அப்புறம் ஹசிந்தாவின் கணவன் மெல்ச்சோரின் கோவேறு கழுதைகளில் மூட்டையை ஏற்றிவிட்டு, பனிமலைக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்து போவார்கள். இது மூன்றாவது வருடம்.

"மண்ணு சுமக்கிறதுக்கு யாராச்சும் பாடுவாங்களா?" என்றாள் தொமாசா, அம்மிக் கல்லில் மிளகாயை நசுக்கிக்கொண்டே.

"காசு குடுத்துட்டு வந்து சுமக்கிறாங்க. அதான் எனக்குப் பிடிபடல."

"என் மாமியா சொல்லுது, இதுங்கல்லாம் நம்ம கொழுப்பை உருக்கி எடுத்துட்டுப் போக வந்திருக்குதுங்களாம். நான் சொன்னேன், ஹசிந்தாகிட்ட எடுக்க ஒண்ணுமில்ல, என்கிட்ட எடுத்தா லிமா பட்டணம் பூரா விளக்கெரியலாம்னு."

"உன் மாமியாகிட்ட எடுத்தா?"

"வெனிகர்தான் வரும், கோமாத்ரே."

லுஸ்மிலாவுக்கு முதல்முடி இறக்கியபோது கத்தரி பிடித்தவள் தொமாசா. அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உறவு வந்துவிட்டால் அதற்குப் பிறகு சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம், துரோகம் மட்டும் செய்யக்கூடாது. உச்சுபாம்பாவில் அது எழுதாத சட்டம்.

ஹசிந்தா சிரிக்கவில்லை. அவள் கண் சுவரின் மூலையில் இருந்தது.

சந்தேகப்படுவதை அவள் கற்றுக்கொண்டது டவுனில், ஒரு சீமாட்டியின் வீட்டில். உச்சுபாம்பாவில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் பள்ளத்தாக்கில் இறங்கி டவுனுக்குப் போக வேண்டும். அப்படித்தான் அவளையும் அனுப்பினார்கள். "ஞானத்தாய் மாதிரி பாத்துக்குவாங்க, காலையில வீட்டுவேலை, மத்தியானம் பள்ளிக்கூடம்" என்று சொல்லித்தான் அப்பா பஸ் ஏற்றினார். காலை வேலை மத்தியானம் வரை நீண்டது, மத்தியானம் ராத்திரி வரை நீண்டது. படுக்கை மாடிப்படிக்குக் கீழே. சீமாட்டி சர்க்கரை டப்பாவின் மூடிமேல் தன் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவைப்பாள். முடி விலகியிருந்தால் அடி. ஹசிந்தா சர்க்கரையைத் தொட்டதே இல்லை. ஒருநாள் காற்றில் முடி விலகியது, அதற்கும் அடி. மூன்றாம் வருடம் பள்ளிக்கூடத்தின் வாசலையே பார்க்காமல் ஊர் திரும்பினாள். கொண்டுவந்தது அந்த முடி வித்தை ஒன்றைத்தான்.

அதன் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவள் முதலில் மூடியைத்தான் பார்ப்பாள். மெல்ச்சோர் பெண் கேட்டு வந்தபோதுகூட, அவன் கழுதையின் முதுகில் புண் இருக்கிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். புண் இல்லை. மிருகத்தை அடிக்காதவன் பெண்டாட்டியை அடிக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவும் இல்லை.

இப்போது லுஸ்மிலா ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். டிசம்பரோடு முடிகிறது. கல்வி அலுவலகத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிப்போனார்கள். கூரையோடு இன்னொரு அறை இருந்தால் மார்ச்சில் மேல்வகுப்பு ஆசிரியரை அனுப்புவோம், இல்லையென்றால் இல்லை. கூரைத் தகடுகள் ஊர்த் தலைவர் தோன் அபுந்தியோவின் கிடங்கில் வந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் அவர் கோழிகள் முட்டையிடுகின்றன. கூரை ஏற்றச் சுவர்தான் இல்லை. டவுனில் இருக்கும் மெல்ச்சோரின் அக்கா அதற்குள் இரண்டு தடவை ஆள் சொல்லி அனுப்பிவிட்டாள்: "பிள்ளைய என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

சுவர் ஏன் இல்லை என்பதுதான் ஹசிந்தாவின் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த கேள்வி.

மண்சுவருக்கு மழைதான் எமன். அது ஊருக்கே தெரியும். கூரை ஏறாத சுவரை நவம்பருக்குள் மூடியாக வேண்டும். உச்சியில் மலைப்புல்லைத் தடிமனாகப் பரப்பி, சேறு பூசி, ஆற்றுக்கல்லை வரிசையாக வைத்து, கயிறு போட்டு இறுக்கிவிட்டால், எவ்வளவு மழை வந்தாலும் சுவர் முக்காடு போட்ட பெண்பிள்ளை மாதிரி குந்தியிருக்கும். ஊர்வேலை நாளில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு விழுந்த பங்கை மூடும். ஹசிந்தா குடும்பத்துக்கு விழுந்தது காற்று மோதும் மூலை. முதல் வருடம் அந்த மூலையில்தான் மூடாக்கு பிரிந்தது. உள்ளே இறங்கிய தண்ணீர் பிப்ரவரி மழைக்குள் சுவரையே சாய்த்துவிட்டது. காற்று என்றார்கள். அடுத்த ஜூலையில் புதிய பிள்ளைகள் வந்து, பாட்டுப் பாடி, அதே இடத்தில் அதே சுவரை எழுப்பினார்கள். அதுவும் ஜன்னல் உயரத்துக்கு. அதற்கு மேல் போனதில்லை.

இரண்டாம் வருடம் ஹசிந்தா முடி வித்தையைத் தன் ஊர் வழக்கப்படி செய்தாள். கறுப்பும் வெள்ளையுமாக லாமா ரோமத்தை எடுத்து, லுஸ்மிலா குழந்தையாக இருந்தபோது கட்டிய பாவாடையிலிருந்து ஒரு சிவப்பு நூலையும் கூட்டி, இடப்பக்கமாக முறுக்கிக் கயிறு திரித்தாள். எல்லாக் கயிறும் வலம்புரிதான். இடம்புரி, செத்தவர் வீட்டுக்கும் நோய் விழுந்த கொட்டகைக்கும் மட்டும் திரிப்பது. கட்டிவிட்டால் அதை யாரும் அறுக்கமாட்டார்கள், எரிக்கமாட்டார்கள், ஆற்றிலும் வீசமாட்டார்கள். வீசினவன் தொழுவத்தில் மிருகம் தங்காது. உச்சுபாம்பாவில் திருடன்கூட இதை நம்புவான். அந்தக் கயிற்றால் ஊரே பார்க்கத் தன் மூலையின் மூடாக்கைக் கட்டி இறுக்கிவிட்டு, இனி எவன் கை வைக்கிறான் பார்க்கலாம் என்று இறங்கினாள்.

பிப்ரவரியில் போய்ப் பார்த்தபோது மூலை திறந்து கிடந்தது. சுவர் குழைந்த சோறு போலக் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. கயிறு இல்லை. சேற்றைக் கிளறிக்கூடப் பார்த்தாள். ஆற்றுக்கற்கள் மட்டும் சுவரடியில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. உருண்டு விழுந்த கல் அப்படி உட்காராது.

ஊர்க்கூட்டத்தில் சொன்னாள். "காத்து கல்லை எறக்கி வைக்குமா? அதுவும் வரிசையா?"

"தோன்யா ஹசிந்தா, உங்க கண்ணுக்கு ஈகூட வரிசையாத்தான் பறக்கும்" என்றார் அபுந்தியோ. எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெல்ச்சோர், "காத்துதான் ஹசி, விடு" என்று மெதுவாகச் சொன்னான்.

அவள் விடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வாசலாகச் சந்தேகப்பட்டாள். முதலில் பிள்ளைகளை. அவர்கள் பிப்ரவரியில் இங்கே இல்லை, தள்ளுபடி. அப்புறம் அவர்களைக் கூட்டிவரும் ரோஹெரை. கறுப்புக் கண்ணாடி, பல் தெரியும் சிரிப்பு, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாக்கு. அவன் அபுந்தியோவிடம் ஒருநாள், "கூரைக்கு என்ன அவசரம் பெரியவரே? கூரை போட்ட பள்ளிக்கூடத்தைக் கட்ட எவன் வருவான்? கொல்பா ஊர்ல பள்ளிக்கூடமே இல்லன்னு என் காலைப் பிடிக்கிறாங்க" என்று சொன்னதை அவள் தன் காதால் கேட்டிருந்தாள். ஆனால் மழைக்காலத்தில் பாதை அடைத்துக்கொள்ளும், ரோஹெரின் வண்டி ஏற முடியாது. அவனுக்கு ஆசை இருந்திருக்கலாம். கைக்கு இந்த ஊரில்தான் ஒருத்தன் வேண்டும். அபுந்தியோவா? அவருக்கு முழங்கால் வாதம், சுவரில் ஏறமாட்டார். தொமாசாவின் புருஷனா? ஒருநாள் அவளையேகூடச் சந்தேகப்பட்டு, பிறகு வெட்கப்பட்டு ஒரு கிண்ணம் பாலாடைக்கட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். எதற்கு என்று தொமாசா கேட்கவில்லை. கட்டியை முகர்ந்து மட்டும் பார்த்தாள்.

கிழங்கு முக்கால் மூட்டை முடிந்திருந்தபோது ஒரு பெண் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆன்னெக்கே என்று பேர். போன வருடமும் வந்தவள். உடைந்த ஸ்பானிஷில் வார்த்தையைத் தேடித் தேடி வைத்துப் பேசுவாள்.

"தோன்யா ஹசிந்தா, இது நான் கட்டின சுவரா?"

"இடம் அதுதான். சுவர் வேற."

"அது என்ன ஆச்சு?"

"மழை."

அந்தப் பெண் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க கேட்டோம். இந்தத் தடவை மலை வேண்டாம். இங்கேயே இருந்து முழுச்சுவரும் கட்டி, கூரையும் போட்டுட்டுப் போறோம்னு. ரோஹெர் முடியாதுன்னார்."

"ஏனாம்?"

"கழுதைக்காரர் ஒத்துக்கலையாம்."

ஹசிந்தாவின் கத்தி கிழங்கிலேயே நின்றது.

"எந்தக் கழுதைக்காரர்?" என்று கேட்டாள், ஊரில் பத்துப் பேர் கழுதைக்காரர் இருப்பதைப் போல.

பெண் தோளைக் குலுக்கிவிட்டு, தேநீரை வாங்கிக்கொண்டு போனாள். தொமாசா மிளகாயை நசுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் கல்லின் சத்தம் சன்னமாகிவிட்டது.

"கோமாத்ரே," என்றாள் கடைசியில். "ரோஹெர் வாயில வர்றது எதுவும் நிஜமில்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"கிழங்கை நான் முடிக்கட்டா?"

"நீ முடிச்சா எலிக்குத்தான் விருந்து. நானே முடிக்கிறேன்." முடித்தாள். ஒன்றுகூடத் தடிமனாக உரிக்கவில்லை.

விடிந்தால் பயணம். கணவாய்க்குக் கொண்டுபோகும் பானைகளைக் கட்ட, பொதிப்பைகள் வேண்டும். ஒவ்வொரு வருடமும் அவற்றைப் பரணிலிருந்து இறக்குவது மெல்ச்சோர். "நீ ஏறாத, ஏணி ஆடுது" என்பான். அவள் அதைக் கரிசனம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் அவன் லாடம் பார்க்கக் கீழே போயிருந்தான். ஹசிந்தா ஏணியை வைத்தாள். ஏணி ஆடவே இல்லை.

சேணங்களுக்குப் பின்னால், மழைக்காலப் போர்வைகளுக்கு அடியில், சுவரில் அடித்த ஓர் ஆப்பில் அது தொங்கியது. கறுப்பு, வெள்ளை, நடுவில் சிவப்பு. ஒழுங்காகச் சுருட்டி, நுனியைச் செருகி, தூசிகூடப் படாமல். ஒரு முடிச்சும் அறுபடவில்லை. ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பிப் பொறுமையாக அவிழ்த்திருக்கிறான்.

ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிப்ரவரியில் ஒருநாள் அவன் முழங்கால் வரை மஞ்சள் சேறோடு வந்தது நினைவுக்கு வந்தது. கழுதை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது என்றான். அந்தக் காற்சட்டையை அவள்தான் துவைத்தாள். இந்த மலையில் மஞ்சள் மண் பள்ளிக்கூடச் சுவருக்கு வெட்டிய குழியில் மட்டும்தான் உண்டு. அதுவும் அவளுக்குத் தெரியும். துவைத்த கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஊரில் எல்லா வாசலிலும் நின்று மூடியைத் தூக்கிப் பார்த்தவள், தன் வீட்டு வாசலை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள்.

சாயங்காலம் மெல்ச்சோர் வந்து அடுப்பருகில் உட்கார்ந்தான். அன்று இருட்டுவதற்குள் ஊர்க்கூட்டம். பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும், சுவரை என்ன செய்வது என்றும் பேச வேண்டும். வழக்கம்போல ரோஹெர் அடுத்த வருடம் என்பான், வழக்கம்போல எல்லாரும் தலையாட்டுவார்கள். லுஸ்மிலா ஆடுகளை அடைக்கப் போயிருந்தாள். ஹசிந்தா கீனுவா தானிய சூப்பை அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில், ரொட்டி வைக்கும் இடத்தில், கயிற்றை வைத்தாள்.

அவன் கரண்டியை எடுக்கவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"நீ வச்ச எடத்துல."

வெளியே கழுதை ஒன்று தும்மியது. மெல்ச்சோர் கயிற்றை ஒரு விரலால் தொட்டான். "அறுக்கல ஹசி. பாரு, ஒரு எடத்துலகூட அறுக்கல."

"தெரியும். அறுத்து ஆத்துல விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதை எப்படி ஆத்துல விடுறது? வீட்டுல மிருகம் நிக்குதுல்ல?"

"மிருகத்துக்குப் பயந்திருக்க. பொண்ணுக்குப் பயப்படல."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பொய் சொல்ல வராதவன். இத்தனை நாள் பரண் அவனுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"கூரை ஏறிட்டா அவங்க வருவாங்களா, சொல்லு. கொல்பாவுக்குப் போயிருவாங்க. கொல்பாலேர்ந்து கணவாய்க்கு வேற பாதை, வேற கழுதை. மழைக்காலத்துல நம்ம பானையில வேகுற அரிசி எதுல வந்துச்சுன்னு நெனக்கிற? லுஸ்மிலா பூட்ஸு? கிழங்கு ரெண்டு வருஷமாக் கறுத்துப்போச்சு. நான் என்ன, யார் வீட்டையும் இடிக்கல. ஆளில்லாத மண்சுவரு. அடுத்த வருஷம் திரும்ப எழுந்திருது."

"அரிசி தின்னேன். இல்லன்னு சொல்லல."

"அப்புறம்?"

"லுஸ்மிலா திரும்ப ஆறாம் வகுப்பு படிக்க முடியாது."

"அக்கா கேட்டுட்டே இருக்கா. சொந்த அத்தை. ரத்தம். அங்க என்ன கெட்டுப்போகுது?"

"உன் அக்காவுக்குத் துணி தொவைக்க ஆள் இல்ல. போன பண்டிகைக்குப் போனப்ப மாடிப்படிக்குக் கீழ புதுசா ஒரு கட்டில் பாத்தேன்."

"கட்டில்னா கட்டில்தான். எல்லாத்துலயும் உனக்கு—"

"ஆமா. எல்லாத்துலயும் எனக்குச் சந்தேகம். உன் ஒருத்தன் மேல மட்டும்தான் இல்லாம இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. சூப்பில் ஆடை படியத் தொடங்கியிருந்தது. அதைக் கரண்டியால் ஒதுக்கி, கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "குடி. ஆறிருச்சு."

அவன் இரண்டு வாய் குடித்தான், சொன்னதற்காக.

"தொழுவத்துக்குப் பின்னால இருக்குல்ல, அந்த நெட்டை யூகலிப்டஸ்?" என்றாள் ஹசிந்தா. "முகட்டு உத்தரத்துக்கு அது எட்டும்."

"அது இன்னும் முத்தல."

"போன வருஷமும் முத்தலன்ன. நீ சொல்லச் சொல்லக் கேட்டு அதுவும் முத்தாமலே நிக்குது போல."

அவன் வாயோரம் சிரிப்பு வந்து பாதியிலேயே போய்விட்டது.

"கூட்டத்துல நீயே எந்திரிக்கணும். பிள்ளைங்க மலைக்குப் போகல, இங்கேயே இருக்காங்க, மீதிச் சுவரை ஊர்வேலையில ஏத்துறோம்னு சொல்லணும். உத்தரம் என்னுது, கூரைக்கு ஞானத்தந்தை நான்னு சொல்லணும். முகட்டுல சிலுவையை உன் கையால வைக்கணும்."

மெல்ச்சோர் நிமிர்ந்து பார்த்தான். கூரைக்கு ஞானத்தந்தையானவனுக்கு அந்தக் கட்டடம் ஞானஸ்நானப் பிள்ளை மாதிரி. மழை ஒழுகினால் ஏணியோடு அவன்தான் ஓட வேண்டும். ஒரு கல் பெயர்ந்தால் ஊர் அவனைத்தான் கேட்கும். அதில் அவனே கை வைப்பது என்பது பெற்ற பிள்ளையின் கையை முறிப்பதற்குச் சமம், அப்படி ஒருத்தன் செய்ததாக இந்த மலையில் கதைகூடக் கிடையாது.

"அப்ப கழுதைங்க?"

"ஆகஸ்ட்ல உப்புக்கல்லு ஏத்தலாம். உன் அப்பா ஏத்தினாரு."

"அதுல வர்றது..."

"கொஞ்சம்தான் வரும். தெரியும்."

அவன் அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினான். போன வருடம் ஆடு திருடின ஒருத்தனை, அதே ஆட்டின் தோலைக் கழுத்தில் மாட்டி, ஊர்க்கூட்டம் மைதானத்தைச் சுற்றி நடக்கவைத்தது. மெல்ச்சோரும் ஓரமாக நின்று சிரித்தவன்தான். அது இருவருக்குமே நினைவில் இருந்தது.

கூட்டத்துக்குக் கொம்பு ஊதினார்கள். மேட்டில் ஒருமுறை, பிறகு ஆற்றங்கரையில் ஒருமுறை. தொமாசாவின் சிரிப்பு பாதையில் கேட்டது, யாரையோ சீண்டிக்கொண்டே போகிறாள்.

"நான் எந்திரிக்கலன்னா?" என்றான் மெல்ச்சோர். "நீ சொல்லிருவியா? எல்லார் முன்னாலயும், தொமாசா, அபுந்தியோ, அந்தப் பிள்ளைங்க எல்லார் முன்னாலயும்?"

ஹசிந்தா அடுப்பில் சாம்பலை இழுத்து நெருப்பை மூடினாள். தொப்பியை எடுத்து மாட்டினாள். கயிற்றை எடுத்து, சுருள் கலையாமல், தோளில் போட்டாள். அதன்மேல் சால்வையைப் போர்த்தப்போனவள், போர்த்தாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் அவள் தோளில் பளிச்சென்று தெரிந்தன.

"ஹசி. கேக்குறேன்ல? சொல்லிருவியா?"

வாசல்படியில் நாய் குறுக்கே படுத்திருந்தது. அவள் அதைத் தாண்டி வெளியே போனாள்.